மூணு டெனர், ஒரு பாட்டு: ரோம், 7 ஜூலை 1990

போன வாரம் ஒரு நேயர் வாட்ஸ்அப் ஃபார்வர்ட் ஒண்ணை அனுப்பி, "ப்ரோ, இது உண்மையா? உண்மைன்னா இதைப் பத்தி ஒரு எபிசோட் பண்ணுங்க"ன்னு கேட்டிருந்தார். உங்கள்ல சிலருக்கும் அது வந்திருக்கலாம். கதை இதுதான்.

ஸ்பெயின்ல ரெண்டு பெரிய ஓபரா பாடகர்கள். ஒருத்தர் மாட்ரிட்காரர், பிளாசிடோ டொமிங்கோ. இன்னொருத்தர் கேட்டலோனியாக்காரர், ஹோசே கரேராஸ். அரசியல் காரணமா ரெண்டு பேரும் ஜென்ம விரோதி ஆகிடறாங்க. "அவன் பாடற மேடையில் நான் ஏற மாட்டேன்"னு ஒப்பந்தத்துலயே எழுதி வைக்கிற அளவுக்குப் பகை. அப்புறம் கரேராஸுக்கு ரத்தப் புற்றுநோய் வருது. கையில இருந்த காசெல்லாம் கரைஞ்சு போகுது. மாட்ரிட்ல ஒரு அறக்கட்டளை அவருக்கு உதவி செஞ்சு காப்பாத்துது. குணமான பிறகுதான் அவருக்குத் தெரியுது, அந்த அறக்கட்டளையை ரகசியமா ஆரம்பிச்சதே டொமிங்கோதான், அதுவும் இவருக்காகவேன்னு. உடனே டொமிங்கோ பாடிட்டிருக்கிற கச்சேரிக்குப் போய், எல்லார் முன்னாடியும் அவர் கால்ல விழறார்.

படிச்சா கண்ணு கலங்கும். ஆனா இது கட்டுக்கதை. கரேராஸ் பேர்ல நடக்கிற அறக்கட்டளையே இது உண்மை இல்லைன்னு மறுத்திருக்கு. அவருக்கு சிகிச்சை நடந்தது பார்சிலோனாவுலயும், அமெரிக்காவுல சியாட்டில்லயும். மாட்ரிட் மர்ம அறக்கட்டளைன்னு ஒண்ணு இதுல கிடையாது.

நேயர் கேட்ட ரெண்டாவது விஷயத்துக்கு வருவோம். இதைப் பத்தி எபிசோட் பண்ணலாமா? தாராளமா பண்ணலாம். ஏன்னா இந்த ஃபார்வர்டுக்குப் பின்னாடி நிஜமாவே நடந்த ஒரு ராத்திரி இருக்கு. 1990 ஜூலை 7, ரோம். அந்த ராத்திரியில் யாரும் யார் கால்லயும் விழலை. மூணு பேர் நின்னு பாடினாங்க, அவ்வளவுதான். ஆனா எனக்கு அந்த நிஜக் கதைதான் ஃபார்வர்டை விட ரொம்பப் பிடிச்சிருக்கு. ஏன்னு சொல்றேன்.

முதல்ல அந்த நாள் என்ன நாள்னு பார்ப்போம். 1990 உலகக் கோப்பை கால்பந்து இத்தாலியில் நடக்குது. ஜூலை 8 ரோம்ல ஃபைனல், மேற்கு ஜெர்மனியும் அர்ஜென்டினாவும். கச்சேரி அதுக்கு முந்தின நாள் ராத்திரி. சொந்த மண்ணுல கோப்பையை ஜெயிக்கணும்னு மொத்த இத்தாலியும் காத்திருந்த வருஷம் அது. ஆனா ஜூலை 3-ஆம் தேதி, நேப்பிள்ஸ்ல நடந்த செமி ஃபைனல்ல, பெனால்டி ஷூட் அவுட்ல அர்ஜென்டினாகிட்ட தோத்துட்டாங்க. கச்சேரி நடந்த அதே ஜூலை 7-ஆம் தேதி, தெற்கே பாரி நகரத்துல இத்தாலி மூணாவது இடத்துக்காக இங்கிலாந்தோட ஆடி, 2-1-ன்னு ஜெயிச்சுது. ஆறுதல் பரிசு. அதாவது, நாலு நாள் முன்னாடி மனசு உடைஞ்ச ஒரு நாட்டுல நடந்த கச்சேரி இது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசிப் பாட்டு வரும்போது தேவைப்படும்.

இடம், கரகல்லா குளியல் மண்டபம். ரோமானியப் பேரரசர் கரகல்லா காலத்துல, 3-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல கட்டின பிரம்மாண்டமான பொதுக் குளியல் கூடம். இப்போ அதுல மிச்சம் இருக்கிறது பெரிய பெரிய செங்கல் சுவர்கள்தான். 1937-லேர்ந்து கோடை காலத்துல அந்த இடிபாடுகளுக்கு நடுவுல திறந்த வெளியில் ஓபரா போடறாங்க. அன்னிக்கு ராத்திரி அங்கே சுமார் 6,000 பேர் உட்கார்ந்திருந்தாங்க. ரோம் ஓபராவோட ஆர்கெஸ்ட்ராவும், ஃபுளோரன்ஸ்ல இருந்து வந்த மாஜ்ஜோ மூசிகாலே ஆர்கெஸ்ட்ராவும் ஒண்ணா சேர்ந்து ஒரே மேடையில். முன்னாடி குச்சியோட நிக்கிற கண்டக்டர் நம்ம பாம்பேக்காரர், ஜுபின் மேத்தா.

இப்போ பாடகர்கள். லூச்சியானோ பவரொட்டி, வயசு 54. இத்தாலியில் மோதெனா ஊர்க்காரர், அப்பா ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவர். பிளாசிடோ டொமிங்கோ, 49. பிறந்தது மாட்ரிட், வளர்ந்தது மெக்ஸிகோ. ஹோசே கரேராஸ், 43. பார்சிலோனா. மூணு பேரும் டெனர்.

டெனர்னா என்ன? ஆண் குரல்கள்ல வழக்கமா மேல் ஸ்தாயியில் பாடற குரல். ஓபராவுல குரலுக்கும் கதாபாத்திரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பெரும்பாலும் டெனர்தான் ஹீரோ, காதலன். பாரிடோன்னு சொல்ற நடுத்தரக் குரல் வில்லனாவோ, அண்ணனாவோ, நண்பனாவோ வரும். பாஸ்னு சொல்ற கீழ்க் குரல் ராஜா, சாமியார், அப்பா. ஒரு கதைக்கு ஒரு ஹீரோ போதும். அதனால ரெண்டு பெரிய டெனர்கள் ஒரே மேடையில் நிக்கிறதுக்கு அந்தத் தொழில்ல வாய்ப்பே குறைவு.

இன்னொரு பக்கம், மிலன், லண்டன், நியூயார்க், வியன்னான்னு உலகத்துல பெரிய ஓபரா அரங்கங்கள் கொஞ்சம்தான். எல்லாத்துலயும் அதே வேஷங்கள். ஒருத்தர் காலாஃபா நடிச்சா இன்னொருத்தர் நடிக்க முடியாது. ஸோ போட்டி தானாவே வந்துடுது. குறிப்பா பவரொட்டிக்கும் டொமிங்கோவுக்கும் நடுவுல இருந்த போட்டியைப் பத்திப் பத்திரிகைகள் வருஷக்கணக்கா எழுதினாங்க. ரசிகர்களும் ரெண்டு கட்சி. நம்ம ஊர்ல இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லைன்னு நினைக்கிறேன்.

அப்படிப்பட்ட மூணு பேரை ஒரே மேடைக்குக் கொண்டு வந்தது எது? அங்கேதான் கரேராஸோட கதை வருது.

1987. கரேராஸுக்கு 40 வயசு. பாரிஸ்ல "லா போயம்" ஓபராவை சினிமாவா எடுத்துட்டிருக்காங்க. புச்சினி எழுதின ஓபரா. ஏழைக் கலைஞர்கள், குளிர்கால பாரிஸ், காசநோய்ல செத்துப் போற ஒரு பொண்ணு. அதுல காதலன் ரொடோல்ஃபோ வேஷம் கரேராஸுக்கு. பாட்டெல்லாம் முன்னாடியே ரெக்கார்ட் பண்ணியாச்சு. படப்பிடிப்புக்கு நடுவுல உடம்பு சரியில்லாம போய், பரிசோதனை பண்ணிப் பார்த்தா லுகேமியா. ரத்தப் புற்றுநோய். பிழைக்கிறதுக்குப் பத்துல ஒரு வாய்ப்புன்னு சொல்லிட்டாங்க.

படம் நிக்கலை. லூக்கா கனோனிச்சின்னு ஒரு இளம் பாடகரைக் கொண்டு வந்து, கரேராஸ் குரலுக்கு வாயசைக்க வெச்சு முடிச்சாங்க. அந்தப் படத்தை இப்போ பார்த்தீங்கன்னா, திரையில் முகம் ஒருத்தருது, குரல் அந்த நேரத்துல ஆஸ்பத்திரியில் படுத்திருந்த இன்னொருத்தருது.

சிகிச்சை முதல்ல பார்சிலோனாவுல. அப்புறம் சியாட்டில்ல இருக்கிற ஃப்ரெட் ஹச்சின்சன் புற்றுநோய் மையம். அங்கே அவருக்குச் செஞ்சது எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை, அதுவும் அவரோட சொந்த மஜ்ஜையை வெச்சே. என் தொழில் பாஷையில் சொன்னா புரியும். சிஸ்டத்துல வைரஸ் எல்லா இடத்துக்கும் பரவிடுச்சு. ஒரு பேக்கப் எடுக்கறோம். அந்த பேக்கப்பை சுத்தம் பண்றோம். மெஷினை மொத்தமா ஃபார்மட் பண்றோம். அப்புறம் பேக்கப்பை திருப்பி ஏத்தறோம். உடம்புல இதையே செய்யறாங்க. மஜ்ஜையை எடுத்து, நோய் செல்களை நீக்கி, வெளியே பத்திரமா வெச்சுக்கறாங்க. அப்புறம் கடுமையான கீமோதெரபி, கதிர்வீச்சு கொடுத்து உள்ளே மிச்சம் இருக்கிற மஜ்ஜையை அழிக்கறாங்க. கடைசியில் எடுத்து வெச்சதைத் திருப்பி செலுத்தறாங்க. அது மறுபடி வேர் பிடிச்சு ரத்தம் உற்பத்தி பண்ற வரைக்கும் அந்த மனுஷனுக்கு நோய் எதிர்ப்பு சக்தின்னு ஒண்ணு கிட்டத்தட்ட இருக்காது. ஒரு சாதாரண சளி போதும். லேப்டாப்பை ஃபார்மட் பண்ணும்போது நமக்கு அந்த பயம் கிடையாது. அதோட என் உவமை முடிஞ்சு போச்சு.

இந்த சிகிச்சை முறையை உருவாக்கினதில் முன்னோடி, அதே சியாட்டில் மையத்துல வேலை பார்த்த டொனால் தாமஸ்ங்கிற டாக்டர். அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைச்சது 1990-ல். ரோம் கச்சேரி நடந்த அதே வருஷம்.

கரேராஸ் பிழைச்சார். 1988 ஜூலையில் பார்சிலோனாவுல, நகரத்து நடுவுல இருக்கிற வெற்றி வளைவுக்குப் பக்கத்துல திறந்தவெளியில் பாடினார். கேட்க வந்த கூட்டம் லட்சத்தைத் தாண்டுச்சு. அதே வருஷம் லுகேமியா ஆராய்ச்சிக்காக ஒரு அறக்கட்டளையும் ஆரம்பிச்சார். ரகசியம் எதுவும் இல்லை, அவர் பேர்லயே, வெளிப்படையா.

அடுத்த ரெண்டு வருஷத்துல மாரியோ டிராடிங்கிற இத்தாலியத் தயாரிப்பாளர் ஒரு யோசனை சொல்றார். உலகக் கோப்பை நேரத்துல ரோம்ல மூணு டெனர்களும் சேர்ந்து ஒரு கச்சேரி. அறக்கட்டளைக்கு நிதி திரட்டலாம். கரேராஸ் திரும்பி வந்ததுக்கு மத்த ரெண்டு பேரும் ஒரு வரவேற்பு கொடுத்த மாதிரியும் இருக்கும். இவங்களுக்குள்ள ஒத்து வந்த இன்னொரு விஷயம் கால்பந்து. பவரொட்டி யுவென்டஸ், டொமிங்கோ ரியல் மாட்ரிட், கரேராஸ் பார்சிலோனா. அதாவது, இந்த ரெண்டு ஸ்பானியர்களுக்கும் நடுவுல நிஜமாவே தீராத பகை ஒண்ணு இருந்துச்சுன்னா, அது எல் கிளாசிகோ மட்டும்தான்.

சரி, கச்சேரிக்குள்ள போவோம்.

முதல்ல பாடினது கரேராஸ். வாழ வெச்ச மேடைக்குத் திரும்பி வந்திருக்கிற மனுஷன், ஏதாவது வெற்றிப் பாட்டு பாடுவார்னு நினைப்போம். அவர் எடுத்தது சிலேயாவோட "லார்லெசியானா" ஓபராவுல ஃபெடெரிகோ பாடற புலம்பல். காதல்ல தோத்த ஒரு பையன், தூங்கிப் போயிட்ட ஒரு சிறுவனைப் பார்த்து, எனக்கும் அப்படி எல்லாத்தையும் மறந்து தூங்க முடிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்னு ஏங்கற பாட்டு. மூணு வருஷம் முன்னாடி சாவைப் பக்கத்துல பார்த்த ஒருத்தர் அதைப் பாடும்போது, வரிக்கு அர்த்தம் தெரியாட்டியும் என்னமோ பண்ணும்.

குரல் எப்படி இருந்துச்சு? இதை நேர்மையா பேசணும். 1970-கள்ல கரேராஸ் பாடின ரெக்கார்டிங் ஒண்ணையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கேளுங்க. பழையதுல குரல் பட்டு மாதிரி வழுக்கிட்டுப் போகும். ரோம்ல அந்த வழுக்கல் குறைஞ்சிருக்கு. மேல் ஸ்வரங்களுக்குப் போகும்போது உழைப்பு காதுல விழுது. குறைன்னு சொல்றவங்க சொல்லட்டும். எனக்கு அந்த உழைப்பு கேட்கிறதுதான் பிடிச்சிருக்கு. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அவர் விலை கொடுக்கிற மாதிரி இருக்கும்.

ஓபரா குரல் எதுக்கு இவ்வளவு கஷ்டம்னு கொஞ்சம் டெக்னிக்கலா பார்த்துடுவோம், ரெண்டே நிமிஷம். ஓபரா அரங்கத்துல பாடகருக்கு வழக்கமா மைக் கிடையாது. எதிர்ல அறுபது எழுபது பேர் ஆர்கெஸ்ட்ரா. அதுக்கு மேல ஒரு தனிக் குரல் எப்படிக் கேட்குது? ஆர்கெஸ்ட்ராவோட சத்தம் சுமார் 500 ஹெர்ட்ஸ் பக்கத்துல உச்சத்துல இருக்கும், அதுக்கு மேல போகப் போகக் குறையும். பயிற்சி பெற்ற பாடகர் தொண்டைக்குள்ள இடத்தை ஒரு மாதிரி அமைச்சு, சுமார் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல சக்தியைக் குவிக்கிறார். ஆர்கெஸ்ட்ரா பலவீனமா இருக்கிற அந்த இடைவெளி வழியா குரல் வெளியே வந்துடுது. கத்தறதில்லை, ட்ராஃபிக் இல்லாத சந்து பார்த்து வண்டியை விடற மாதிரி. இதுக்கு மூச்சு, வயிறு, விலா எலும்பு, முதுகுத் தசை எல்லாம் சேர்ந்து உழைக்கணும். கரகல்லா திறந்தவெளிங்கிறதால அன்னிக்கு மைக் இருந்துச்சு. ஆனா மைக் சத்தத்தைத்தான் பெருசாக்கும், மூச்சைத் தராது. மாசக்கணக்கா ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்து, தசையெல்லாம் கரைஞ்சு போன ஒரு உடம்பு இதை மறுபடி முதல்லேர்ந்து கட்டி எழுப்பியிருக்கு. அதைத்தான் நாம கேட்கறோம்.

அப்புறம் மாத்தி மாத்திப் பாடறாங்க. ஒருத்தர் பாடி முடிச்சு உள்ளே போவார், அடுத்தவர் வருவார். பவரொட்டி கையில எப்பவும் போல வெள்ளைக் கைக்குட்டை. டொமிங்கோ "டோஸ்கா"வுல இருந்து ஒரு பாட்டு பாடறார். விடிஞ்சா மரண தண்டனைன்னு இருக்கிற ஒரு ஓவியன், நட்சத்திரங்களைப் பார்த்துக் காதலியை நினைக்கிற பாட்டு. அந்த ஓபராவோட கதை நடக்கிறதே ரோம்லதான். அதே ஊர்ல, திறந்த வானத்துக்குக் கீழே நின்னு அதைப் பாடறார்.

கடைசிப் பகுதியில்தான் மூணு பேரும் ஒண்ணா வராங்க. பல மொழிப் பாட்டுகளைக் கோர்த்து ஒரு நீளமான மெட்லி. அதைத் தொகுத்தவர் லாலோ ஷிஃப்ரின். "மிஷன் இம்பாசிபிள்" தீம் மியூசிக் போட்டாரே, அவரேதான். இதுல பாட்டை விட முகங்களைப் பாருங்க. ஒருத்தர் பாடும்போது மத்த ரெண்டு பேரும் அவரை கவனிக்கிற விதம். தொழில்ல இவங்க மூணு பேருக்கும் இப்படி நின்னு பழக்கமே இல்லை. எப்போ உள்ளே வரணும், எங்கே விட்டுக் கொடுக்கணும்னு ஒரு சின்னப் பதற்றம், ஒரு சின்ன சந்தோஷம். பள்ளிக்கூட ஆண்டு விழாவுல மூணு பசங்களை மேடை ஏத்தின மாதிரி இருக்கும்.

அப்புறம் "ஓ சோலே மியோ". நேப்பிள்ஸ்காரங்களோட பாட்டு, உலகமே கேட்டது. இதுல பவரொட்டி ஒரு இடத்துல ஒரு ஸ்வரத்தைப் பிடிச்சுக்கிட்டு, தலையை ஆட்டி ஆட்டி ஒரு நீள கமகம் மாதிரி அசைக்கிறார். கூட்டம் சிரிக்குது, கை தட்டுது. திரும்பப் பாடும்போது டொமிங்கோவும் கரேராஸும் சேர்ந்து அதே அசைவை அப்படியே செஞ்சு அவரைக் கிண்டல் பண்றாங்க. உலகத்துலயே பெரிய டெனர் யாருங்கிற வருஷக்கணக்கான சண்டையை வெச்சு, அந்தச் சண்டைக்காரங்களே மேடையில் காமெடி பண்றாங்க. எனக்கு இந்த ராத்திரியில் ரொம்பப் பிடிச்ச ரெண்டு இடத்துல இது ஒண்ணு.

இன்னொண்ணு, கடைசிப் பாட்டு. "நெஸ்ஸூன் டோர்மா". யாரும் தூங்கக் கூடாதுன்னு அர்த்தம். தூங்க ஏங்கற பாட்டுல ஆரம்பிச்ச கச்சேரி, யாரும் தூங்காதீங்கங்கிற பாட்டுல முடியுது. திட்டம் போட்டு வெச்சாங்களோ என்னவோ, அப்படி அமைஞ்சிருக்கு.

இந்தப் பாட்டு புச்சினியோட "துராந்தோத்" ஓபராவுல வருது. பீக்கிங் நகரத்து இளவரசி துராந்தோத். அவளைக் கல்யாணம் பண்ணிக்க வரவன் மூணு விடுகதைக்கு பதில் சொல்லணும், தப்பா சொன்னா தலை போயிடும். காலாஃப்னு ஒரு இளவரசன் மூணுக்கும் சரியா சொல்லிடறான். இருந்தும் அவளுக்கு இஷ்டமில்லை. அவன் சொல்றான்: விடியறதுக்குள்ள என் பேரைக் கண்டுபிடி, கண்டுபிடிச்சா நான் சாகறேன். அவள் உத்தரவு போடறா, அந்தப் பேர் தெரியற வரைக்கும் ஊர்ல ஒருத்தரும் தூங்கக் கூடாது. அந்த ராத்திரியில் காலாஃப் தனியா நின்னு பாடறதுதான் இது. கடைசிச் சொல்லுக்கு அர்த்தம், "வெல்வேன்".

அந்த வருஷ உலகக் கோப்பை ஒளிபரப்புக்கு பிபிசி இந்தப் பாட்டைத்தான் முகப்பு இசையா வெச்சாங்க. பவரொட்டி 1972-ல் பாடின ரெக்கார்டிங். அதுக்கும் கண்டக்டர் ஜுபின் மேத்தாதான். பிரிட்டன்ல பாப் பாட்டுகளோட போட்டி போட்டு அது இரண்டாவது இடம் வரைக்கும் போச்சு. ஓபரா அரங்கத்துப் பக்கமே போகாத கால்பந்து ரசிகர்கள் இதை முணுமுணுத்துட்டிருந்தாங்க.

இதை எழுதின புச்சினியைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அவருக்குத் தொண்டைப் புற்றுநோய். கதிர்வீச்சு சிகிச்சைக்காக பிரஸ்ஸல்ஸ் போனார். அந்தக் காலத்துல அது ஒரு சோதனை முயற்சி. 1924 நவம்பர்ல அங்கேயே இறந்துட்டார். "துராந்தோத்" முடியலை. ஃபிராங்கோ அல்ஃபானோன்னு இன்னொரு இசையமைப்பாளர் முடிச்சுக் கொடுத்தார். 1926 ஏப்ரல் 25, மிலன் ஸ்காலா அரங்கத்துல முதல் நிகழ்ச்சி. கண்டக்டர் தொஸ்கானினி, புச்சினி எழுதி முடிச்ச இடம் வந்ததும் இசையை அப்படியே நிறுத்தி, குச்சியைக் கீழே வெச்சுட்டார். அன்னிக்கு நிகழ்ச்சி அதோட முடிஞ்சுது.

இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. 1924-ல் ஒருத்தர் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்கப் போய்த் திரும்பி வரலை. 1987-ல் அவர் எழுதின ஓபராவைப் படமா எடுக்கும்போது இன்னொருத்தருக்குப் புற்றுநோய்னு தெரியுது. நடுவுல அறுபது வருஷம் மருத்துவம் உழைச்சிருக்கு. அவர் கதிர்வீச்சு எடுத்துட்டுத் திரும்பி வந்துட்டார். வந்து அந்தப் புச்சினி பாட்டையே பாடறார்.

அந்த ராத்திரி "நெஸ்ஸூன் டோர்மா" ரெண்டு தடவை வந்துச்சு. முதல்ல பவரொட்டி தனியா பாடினார். அது அவரோட பாட்டு, அதுல யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்தக் கடைசி உச்ச ஸ்வரத்துல அவர் நிக்கிற விதம் இருக்கே, பாட்டு அங்கேயே முடிஞ்சு போச்சுன்னு தோணும். ஆனா கூட்டம் விடலை. கடைசியில் மூணு பேரும் சேர்ந்து மறுபடி எடுத்தாங்க.

இலக்கணப்படி பார்த்தா இது தப்பு. கதைப்படி அந்த இடத்துல இருக்கிறது ஒரே ஒருத்தன். அவன் பேர் யாருக்கும் தெரியாதுங்கிறதுதான் பாட்டோட உயிரே. அதைப் போய் மூணு பேர் பங்கு போட்டுப் பாடினா காலாஃப் யாரு? ஓபரா தெரிஞ்சவங்க பல பேர் அப்போ இதைத்தான் கேட்டாங்க. நியாயமான கேள்வி.

ஆனா அங்கே என்ன நடக்குதுன்னு பாருங்க. அது பவரொட்டியோட சொத்து மாதிரியான பாட்டு. அந்த வருஷம் ஐரோப்பா முழுக்க அவர் குரல்ல ஒலிச்ச பாட்டு. கொஞ்ச நேரம் முன்னாடி அவரே தனியா பாடி கைத்தட்டல் வாங்கின பாட்டு. அதைப் பிரிச்சு மத்த ரெண்டு பேருக்கும் கொடுத்துட்டு, தன் முறைக்காகக் காத்து நிக்கிறார். டெனர்கள் வாழ்க்கை பூரா சண்டை போட்டது அந்த உச்ச ஸ்வரத்துக்குத்தான். அந்த "வெல்வேன்" இப்போ மூணு குரல்ல வருது. அதுல ஒரு குரல், பத்துல ஒரு வாய்ப்புன்னு டாக்டர்கள் சொன்ன குரல். அதைக் கேட்கறது நாலு நாள் முன்னாடி தோத்துப் போன ஒரு நாடு. அந்த ஒரு சொல்லுக்கு அன்னிக்கு அங்கே எத்தனை அர்த்தம் இருந்திருக்கும்! காலாஃபோட வெற்றியை விட அதெல்லாம் பெருசுன்னு எனக்குத் தோணுது. அதனால இலக்கணத் தப்பை நான் மன்னிச்சுட்டேன்.

இதுக்கப்புறம் நடந்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். ஆல்பம் வெளிவந்துச்சு. அதிகமா வித்த கிளாசிக்கல் ஆல்பம்னு கின்னஸ்ல ஏறுச்சு, கிராமி வாங்குச்சு. பணம் எங்கே இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது. 1994 உலகக் கோப்பைக்கு லாஸ் ஏஞ்சலஸ்ல டாட்ஜர் ஸ்டேடியம், 1998-ல் பாரிஸ், 2002-ல் யோகோஹாமா. நடுவுல உலகச் சுற்றுப் பயணங்கள். எல்லாத்தையும் நான் கேட்டுப் பார்த்தேன். மோசம்னு சொல்ல மாட்டேன். ஆனா கிண்டல் வர இடத்துல சரியா கிண்டல் வருது, தழுவிக்கிற இடத்துல சரியா தழுவிக்கறாங்க. ரோம்ல தானா நடந்தது, அப்புறம் ஸ்க்ரிப்ட் ஆகிடுச்சு.

மனுஷங்களும் அந்த ராத்திரியிலயே நின்னுடலை. பவரொட்டி 2007-ல் புற்றுநோய்ல இறந்தார். டொமிங்கோ மேல 2019-ல் பல பெண்கள் பாலியல் தொந்தரவு புகார் சொன்னாங்க. அவர் லாஸ் ஏஞ்சலஸ் ஓபராவோட தலைமைப் பொறுப்பை விட்டு விலகினார். ஒரு அழகான ராத்திரியைப் பத்திப் பேசறோங்கிறதுக்காக இதை மறைக்க முடியாது. பாட்டைக் கேட்கும்போது இதையும் தெரிஞ்சுக்கிட்டே கேட்போம்.

இப்போ அந்த ஃபார்வர்டுக்கு வருவோம். அது ஏன் இவ்வளவு சுத்துது? எதிரி, ரகசிய உதவி, மண்டியிடறதுன்னு ஒரு சினிமாவுக்கு வேண்டியதெல்லாம் அதுல இருக்கு. ஆனா அந்தக் கதையில் கரேராஸைக் காப்பாத்தறது ஒரு தனி மனுஷனோட பெருந்தன்மை. நிஜத்துல அவரைக் காப்பாத்தினது டாக்டர்கள், நர்ஸுகள், பல வருஷ ஆராய்ச்சி. அது ஃபார்வர்ட்ல அடங்காது. இன்னொண்ணு, பொய்க் கதையில் அவர் உதவி வாங்கறவர் மட்டும்தான். நிஜத்துல அறக்கட்டளை ஆரம்பிச்சவரே அவர்தான். 1991-ல் ஸ்பெயினோட எலும்பு மஜ்ஜை தானம் செய்யறவங்க பதிவேட்டை உருவாக்கினது அந்த அறக்கட்டளை. பேர் தெரியாத எத்தனையோ நோயாளிகளுக்கு அது வழியா தானம் தரவங்க கிடைச்சிருக்காங்க.

கரேராஸுக்கு அவரோட சொந்த மஜ்ஜை போதுமானதா இருந்துச்சு. எல்லாருக்கும் அப்படி இருக்காது. பல பேருக்கு வேற ஒருத்தரோட ஸ்டெம் செல் வேணும், அதுவும் திசு வகை பொருந்தணும். கூடப் பிறந்தவங்களுக்கே எல்லா நேரமும் பொருந்தாது. பொருத்தம் பரம்பரையைச் சார்ந்த விஷயங்கிறதால, நம்ம ஊர் நோயாளிக்கு நம்ம ஊர் ஆட்கள்கிட்ட பொருத்தம் கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஸ்பெயின்ல இருக்கிற மாதிரி ஒரு பதிவேடு சென்னையிலயும் இருக்கு, பேர் தாத்ரி. 18 வயசு முடிஞ்சவங்க பதிவு பண்ணலாம். ஆரம்பத்துல கன்னத்துக்கு உள்பக்கம் பஞ்சுக் குச்சியால தடவி ஒரு மாதிரி எடுப்பாங்க, அவ்வளவுதான். அதோட விவரங்களை நிதானமா படிச்சுப் பார்த்து, வீட்டுல பேசி, அப்புறம் முடிவெடுங்க. ஏன்னா பொருத்தம் வந்து, நீங்க சம்மதம் சொல்லி, தானம் கொடுக்கிற நாள் நெருங்கும்போது, மறுமுனையில் ஒருத்தர் மஜ்ஜை எல்லாம் அழிச்சுட்டுக் காத்திருக்கலாம். அப்போ பின்வாங்கக் கூடாது.

கேட்கறதுக்கு ஹோம்வொர்க். முதல்ல கரேராஸ் பாடற ஃபெடெரிகோ புலம்பல். அடுத்து "ஓ சோலே மியோ", அதை வீடியோவாதான் பார்க்கணும். கடைசியில் மூணு பேரும் சேர்ந்து பாடற "நெஸ்ஸூன் டோர்மா". ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்காதீங்க, ஒரு ஹெட்ஃபோன் மாட்டுங்க. கடைசிச் சொல் வரும்போது மூணு குரலையும் தனித்தனியா பிரிச்சு அடையாளம் கண்டுபிடிக்க முடியுதான்னு பாருங்க. கரேராஸ் குரல் எதுன்னு கண்டுபிடிச்சவங்க எனக்கு மெசேஜ் பண்ணுங்க. அந்த ஃபார்வர்ட் அனுப்பின நண்பரே, நீங்க இதை அதே குரூப்ல போட்டுடுங்க.